படுதா கட்டினால் பெயிண்ட் பிழைக்காது

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பழைய காரைத் திறந்த டிரெய்லரிலோ ரெக்கவரி வண்டியிலோ ஏற்றி முடித்ததும் அநேகமாக ஒரு குரல் எழும்: ‘படுதாவைப் போட்டு இறுக்கிக் கட்டுப்பா, தூசி அடையாமப் போகட்டும்.’ கார் உரிமையாளர் தலையாட்டுவார். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாய் இறங்கும். நைலான் கயிறு பம்பருக்கு அடியில் நுழைந்து கதவுக் கைப்பிடி வழியாகக் கூரையைத் தாண்டி மறுபக்கம் விழும். கிளீனர் காலை உதைத்து இழுத்து முடிச்சுப் போடுவார். பார்க்கிறவர்களுக்கு அது அக்கறையாகத் தெரியும். கட்டாமல் விட்டவர் பொறுப்பில்லாதவர் என்று பெயர் வாங்குவார். இந்த வழக்கத்தை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை. திறந்த வண்டியில் போகும் பழைய காருக்கு மழையும் வெயிலும் சாலைத் தூசியும் சேர்ந்து செய்யும் கேட்டைவிட, அவற்றைத் தடுக்கப் போடும் படுதா செய்யும் கேடு பெரிது. காரைக் காப்பது மூடுவதல்ல, அசையாமல் நிறுத்துவது. அதன் பெயிண்டைத் தொடுகிற எதுவும் பயணத்தில் நகரக்கூடாது.

சில கார்களுக்கு மட்டுமான பேச்சில்லை இது. 2021 ஜூலை 15 அன்று மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பிரிவைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். அதோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு எல்லாமே இன்று இந்த வயது வரம்பைக் கடந்துவிட்டன. 1974இல் பத்மினி என்று பெயர் சூடிய பிரீமியர் கார்களில் முதல் வரிசையும் கடந்துவிட்டது. இவற்றில் பல, சொந்தச் சக்கரத்தில் நெடுந்தூரம் போகும் நிலையில் இல்லை. கோயம்புத்தூர் ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களைப் பார்த்து ஆசை பிடித்து, தாத்தா வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கிறவர்கள் பெருகப் பெருக, அவை ஏறுவது இன்னொரு வண்டியின் முதுகில்தான். விருதுநகரில் பிறந்த காமராசர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 செவர்லே சென்னையில் புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. அதை ஒருநாள் அவர் ஊருக்குக் கொண்டுவந்து காட்ட யாருக்காவது தோன்றினால், அவர்கள் முன்னாலும் இதே கேள்விதான் நிற்கும்.

படுதா மேல் இந்த வட்டாரத்துக்கு இருக்கும் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். சிவகாசி லாரிகள் சுமப்பவை பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், நோட்டு. ஈரம் பட்டால் அத்தனையும் வீண். பட்டாசில் ஈரம் வெறும் நஷ்டமும் அல்ல. அலுமினியத் தூள் கலந்த சில கலவைகள் ஈரம் பட்டால் தாமாகவே சூடேறும். வெளியிலிருந்து பொறி விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே அந்த லோடை இடைவெளி விடாமல் மூடுவது உயிர் காக்கும் ஒழுங்கு. அந்த வேலையில் இங்குள்ள லோடுமேன்களுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர்கள் மூடுவது என்ன என்று கவனியுங்கள். அட்டைப்பெட்டி பண்டல்கள்: நேர்விளிம்பும் தட்டையான மேற்பரப்பும் கொண்டவை. படுதா அதன்மேல் தோல் மாதிரி படியும், காற்று உள்ளே புக வழியில்லை. அப்படியே உரசினாலும் உரசுவது அட்டை. அட்டையில் விழுந்த கீறலைப் பார்த்து யாரும் அழுவதில்லை. கார் இதற்கு நேர்மாறானது. அதில் எங்கும் வளைவு. பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பள்ளம். கண்ணாடி, கைப்பிடி, வைப்பர், சின்னம் என்று துருத்தல்கள். அதன் மதிப்பே மேல்தோலில் இருக்கிறது. ஒரு லோடுக்குச் சரியான ஒழுங்கை, அதற்குச் சற்றும் ஒவ்வாத இன்னொரு லோடின்மேல் போர்த்திவிட்டோம். மணலும் ஜல்லியும் ஏற்றினால் மூடு என்று அதிகாரிகள் சொல்வதும் இந்த நம்பிக்கைக்கு உரம் சேர்த்திருக்கும். அது சிந்தும் சரக்குக்கான விதி, கார் சிந்தாது.

இனி காற்றுக் கணக்கு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய ஏழரைக் கிலோ எடையளவுக்கு அழுத்தும் காற்று, 80இல் முப்பது கிலோவாக அழுத்தும். எதிர்க்காற்று இருபது சேர்ந்துகொண்டால் 47 கிலோ. நான்குவழிச் சாலையில் மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று போகிறவர்களுக்கு அந்த எதிர்க்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கயத்தாறில் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது அழகுக்காக அல்ல. ஆனிக்கும் ஆவணிக்கும் இடையே மேற்கு மலைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று பக்கவாட்டிலும் அடிக்கும். கூரை வளைவின் மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகிறது; படுதா மேலே உப்புகிறது. கயிறு அதை இழுத்துப் பிடிக்கிறது. உப்புதல், அறைதல், உப்புதல், அறைதல் என்று வினாடிக்குப் பலமுறை. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இது நிற்காது, ஏனென்றால் கயிறு பிடிப்பது சில கோடுகளில் மட்டும். கோடுகளுக்கு இடையே உள்ள பரப்பு எல்லாம் காற்றின் வசம்.

அறைகிற துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதில்தான் இந்த மாவட்டம் தனியாகத் தெரிகிறது. கரிசல் மண் மெல்லிய களிமண், அது மட்டும் என்றால் பெரிய தீங்கில்லை. ஆனால் சாலையோரத் தூசி வெறும் கரிசல் அல்ல. அதில் குவார்ட்ஸ் மணல் துகள் உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் ஏழு. கண்ணாடி ஐந்தரையளவில் நிற்கிறது. கண்ணாடியையே கீறக்கூடிய துகள் பெயிண்டை என்ன செய்யும்? பழைய காரின் பெயிண்ட், அடிப்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். பழைய டுகோ பூச்சில் இன்றைய கார்களைப் போல மேலே தனியாகத் தெளிந்த காப்புப் படலமும் கிடையாது. கீறல் நேராக நிறத்தில் விழும். அதை பாலிஷ் போட்டு எடுப்பது என்றால் அசல் பெயிண்டையே தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய், ஒருநாள் விளிம்புகளில் பிரைமர் தெரிய ஆரம்பிக்கும். ஆஃப்செட் எந்திரத்தின் பிளாங்கெட்டில் ஒட்டிய ஒரு தூசி, அடுத்து வரும் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் புள்ளி விடுவதை சிவகாசி அச்சகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படுதாவின் உட்புறம் ஏறிய மணலும் அப்படித்தான், கிலோமீட்டர் தோறும் அதே இடத்தை அறுக்கும். மூடாத காரின்மேல் வந்து விழும் தூசியோ, விழுந்து கிடக்கும் அல்லது காற்றில் பறந்துபோகும். அழுத்தித் தேய்க்க யாரும் இல்லாத தூசி கீறுவதில்லை. ஊர் போய்ச் சேர்ந்து தண்ணீரை ஊற்றினால் வடிந்துவிடும்.

சிமெண்ட் தூசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆர்.ஆர்.நகரும் ஆலங்குளமும் சிமெண்ட் ஆலை ஊர்கள். அந்தச் சாலைகளில் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடாத நேரம் குறைவு. சிமெண்ட் துகள் உலர்ந்திருக்கும்வரை தூசி. ஈரம் பட்டால் காரம். பெயிண்டை அரித்துக் கறை விடும். இரவில் வண்டியை எங்காவது நிறுத்துகிறார்கள், பனி இறங்குகிறது. திறந்த கார் காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். படுதாவுக்கு அடியில் உள்ள ஈரம் வெளியே போக வழியில்லாமல் மதியம்வரை வெந்துகொண்டிருக்கும்.

கயிறு தனிக் கதை. லாரிக்காரர் கைக்குச் சிக்கும் கயிறு இரண்டு: சணல், நைலான். சணல் நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தளரும். நைலான் நனைந்தால் நீளும். எதைக் கட்டினாலும் ஒரு மழைக்குப் பிறகு நாம் கட்டிய இறுக்கம் அங்கே இல்லை. ஒன்றில் பம்பர் குரோமை அறுக்கும், இன்னொன்றில் படுதா தொளதொளத்து அடிக்கும். அதைவிட மோசமான ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. காரின் சக்கரம் டிரெய்லர் தட்டில் நிற்கிறது. உடல் ஸ்பிரிங் மேல் மிதக்கிறது. ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் உடல் ஓரிரு அங்குலம் ஏறி இறங்கும். படுதாக் கயிற்றை டிரெய்லர் கொக்கியில் கட்டினால், தட்டோடு நிற்கும் துணிக்குள் கார் ஏறி இறங்கி உரசுகிறது. அதாவது காற்றே இல்லாவிட்டாலும், காரை டிரெய்லரோடு பிணைக்கும் பெல்ட் எல்லாம் சரியாக இருந்தாலும், மூடிய கார் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. உடலோடு சேர்த்து அடியில் கட்டினாலோ கயிறு கதவடி விளிம்பில் உட்கார்ந்து அறுக்கும்.

அப்படியானால் திறந்த காரைக் காப்பது எது? பதில் மேலே இல்லை, சக்கரத்தில் இருக்கிறது. சரக்குக் கட்டும் பன்னாட்டு நெறிகள், அவசரமாக பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் எண்பது விழுக்காட்டு விசையோடு முன்னால் பாயும் என்றும், பின்னுக்கும் பக்கத்துக்கும் ஐம்பது விழுக்காடு என்றும் வைத்துக் கட்டச் சொல்கின்றன. 1,100 கிலோ அம்பாசிடர் என்றால் முன்னால் 880 கிலோ. அதைத் தாங்க ஹேண்ட்பிரேக் போதாது. பழைய காரில் அது பின்சக்கரத்தை மட்டும், அதுவும் அரைமனதாகப் பிடிக்கும். நான்கு சக்கரத்துக்கும் டயரைச் சுற்றிப் பிடிக்கும் ராட்செட் பெல்ட், முன்னும் பின்னும் கட்டை. டயரைக் கட்டினால் உடல் தன் ஸ்பிரிங்கில் தன்பாட்டுக்கு ஆடும், பெல்ட் தளராது, பெயிண்டை எதுவும் தொடாது. பம்பரிலோ அதன் பிராக்கெட்டிலோ கொக்கி மாட்டுவது அறுபது வருட இரும்பை நம்பி அடகு வைப்பது.

எடை எங்கே உட்காருகிறது என்பது அடுத்தது. டிரெய்லர் என்றால், மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு இழுக்கும் வண்டியின் கொக்கிமேல் இறங்க வேண்டும். காரும் டிரெய்லரும் சேர்ந்து 1,800 கிலோ என்றால் 180 முதல் 270 கிலோ. குறைந்தால் வால் ஆட ஆரம்பிக்கும். பக்கக்காற்று அடிக்கும் கோவில்பட்டிப் பக்கம் அந்த ஆட்டம் கவிழ்ப்பில் முடியும். எஞ்சின் முன்னால் உள்ள காரை முகம் முன்னாகவே ஏற்றச் சொல்வது இதற்காக. ஹெரால்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் பானட் முகப்போடு சேர்ந்து முன்பக்கக் கீலில் திறக்கும். பின்பக்கமாகத் திருப்பி ஏற்றினால் காற்று அதன் விளிம்புக்குள் புகுந்து, பிடிப்பு தளர்ந்திருந்தால் பானட்டையே பிரித்துவிடும். இந்த விஷயங்களில் தவறிய காருக்கு எத்தனை படுதா போட்டும் பயனில்லை. படுதா போட்டால் தவறியது கண்ணிலும் படாது. திறந்த காரில் பெல்ட் தளர்ந்தால் பின்னால் வரும் பைக்காரர்கூட கைகாட்டிச் சொல்வார். மூடிய காரில் டிரைவரே பார்க்க முடியாது, பார்க்க வேண்டுமானால் முடிச்சு அவிழ்க்க வேண்டும், அதனால் பார்க்கவே மாட்டார்.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. முதலில் வருவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் கொட்டும்போது பழைய பீடிங் ஒழுகும், தரைவிரிப்பு நனையும் என்பார்கள். உண்மை. ஒழுகும் இடம் ஒழுகும் இடத்தில்தான் அடைக்கப்பட வேண்டும். கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, பானட் அடியில் வெண்டிலேட்டர் வாய் ஆகியவற்றில், பெயிண்டைப் பெயர்க்காத மெல்லிய ஒட்டு டேப். உள்ளே இருக்கைகளின் மேல் பிளாஸ்டிக் விரிப்பு. உள்ளே போடும் விரிப்பைக் காற்று தொடாது. மற்றபடி அந்தக் கார் தன் ஆயுளில் எத்தனை பருவமழையில் ஓடியிருக்கும்? மழை அதற்குப் புதிதல்ல. கேன்வாஸ் கூரை வண்டிகளுக்கு மட்டும் விலக்குத் தரலாம். அவற்றுக்கும் விடை மழையில்லாத நாள் பார்த்து ஏற்றுவதே.

அடுத்தது கல். முன்னே போகும் டிப்பரிலிருந்து தெறிக்கும் ஜல்லிக்குப் படுதா தடுப்பாகாதா என்று கேட்கிறார்கள். அரை மில்லிமீட்டர் துணி தூசியை நிறுத்தும். 80 கிலோமீட்டரில் வரும் கல்லை நிறுத்தாது. கல் துணியோடு சேர்ந்து பெயிண்டில் விழும், அவ்வளவுதான். காருக்கு வரும் கல்லில் கணிசம் இழுத்துப் போகும் வண்டியின் பின்சக்கரமே எறிவது. அதற்குத் தரைவரை தொங்கும் மட்ஃபிளாப்பும், டிரெய்லர் முகப்பில் நிறுத்திய ஒரு பலகைத் தடுப்பும் போதும். தடுப்பு காரைத் தொடாமல் எட்டி நிற்கிறது என்பதுதான் அதன் சிறப்பு.

இதையே வைத்து மடக்குகிறவர்கள் உண்டு: ஓரகடத்திலிருந்து புதுக் கார்களை அடைத்த கண்டெய்னரில்தானே அனுப்புகிறார்கள், பானட்டில் வெள்ளைப் படலம் ஒட்டித்தானே அனுப்புகிறார்கள்? ஆமாம், அந்த இரண்டும் என் பக்கத்துச் சாட்சிகள். கண்டெய்னர் சுவர் காரைத் தொடுவதில்லை. படலம் பெயிண்டோடு ஒட்டியே கிடப்பதால் நகர்வதில்லை. ஒன்று தொடாமல் காக்கிறது, மற்றது அசையாமல் காக்கிறது. தொட்டுக்கொண்டே அசைவது படுதா மட்டும்தான். வசதி உள்ளவர் கண்டெய்னர் பிடிக்கட்டும், மறுப்பில்லை. படலத்தைப் பழைய டுகோவில் ஒட்டுவதற்கு மட்டும் யோசிக்க வேண்டும். பட்டி பார்த்து மறுபூச்சு அடித்த இடங்களில் உரிக்கும்போது பெயிண்டும் கூட வரலாம். வெளிநாட்டில் உடலோடு இறுகும் இழுவைத் துணியில் உறைகள் விற்கின்றன. கழுவிய காரில் போட்டால் அவை குறைவாகவே கெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சாதாரண கார் கவர் விற்கும் பல நிறுவனங்களே, வண்டியை ஏற்றிப் போகும்போது இதைப் போடாதே என்று எச்சரிக்கின்றன.

தீயைப் பற்றிய வாதம் இந்த வட்டாரத்துக்கே உரியது. தீபாவளி நெருங்கும் நாட்களில் பொறி எங்கிருந்தும் பறந்துவரும், மூடியிருந்தால் பாதுகாப்பு என்கிறார்கள். கம்பி மத்தாப்புப் பொறியின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். பாலியஸ்டர் 260 டிகிரிக்குள் உருகும். நீல நிற பிளாஸ்டிக் படுதா அதில் பாதிக்கே உருகும். உருகியது சொட்டி பெயிண்டில் ஒட்டினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பருத்திப் படுதா உருகாது, கனலும். வெறும் தகட்டின் மேல் விழுந்த பொறியோ துள்ளி அணைந்துபோகும். பெட்ரோல் ஆவியையும் மறக்கக்கூடாது. பழைய கார்புரேட்டர் வண்டியில் கசிவு சகஜம். ஓட்டத்தில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். படுதா போட்டு நிறுத்தினால் ஆவி உள்ளேயே தங்கும். பட்டாசு ஆலைக்குள் நைலான் உடுத்தி வரக்கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும் என்று நிலைமின்சாரத்துக்குப் பயந்து விதி வைத்திருக்கும் ஊர், பெட்ரோல் வாடை வீசும் காரின்மேல் செயற்கை நாரைப் படபடக்க விடுவதை என்னவென்று சொல்ல? பேட்டரி இணைப்பைக் கழற்றி, டேங்கில் கால் பங்குக்கு மேல் வைக்காமல், திறந்து கொண்டுபோவதே தீயிலிருந்தும் காப்பு.

கண் படும் என்கிற வாதத்துக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எலுமிச்சையும் மிளகாயும் கட்டிக்கொள்ளட்டும், பெயிண்டில் படாமல் கட்டினால் சரி. டீக்கடையில் நிறுத்தினால் ஊரே வந்து தடவிப் பார்க்கும் என்பது மட்டும் நியாயமான கவலை. தூசி படிந்த காரை உள்ளங்கையால் தடவுவது படுதாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதற்கு வழி, ஓடும்போது மூடுவதல்ல, நிற்கும்போது ஆள் நிறுத்துவது. இரவு தங்கல் என்றால் கூரையுள்ள ஷெட்.

ஏற்றுவதற்கு முன் காரை நன்றாகக் கழுவி உலர்த்தி, மெழுகு பூசி, கண்ணாடிகளை ஏற்றி, வீல்கப்புகளைக் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும். பெல்ட் துணி பாரம் ஏறியதும் முதல் இருபது கிலோமீட்டரில்தான் அதிகம் நீளும், டயரும் அப்போதுதான் தட்டில் அமரும். விருதுநகரில் ஏற்றித் தெற்கே போகிறவர்களுக்கு எட்டூர்வட்டம் சுங்கச்சாவடி பெல்ட்டை மறுபடி இறுக்கத் தோதான இடம். சாவடி தாண்டி ஓரங்கட்டி, நான்கு ராட்செட்டையும் ஒரு பல் இறுக்கிவிட்டுக் கிளம்பலாம். வாடகை பேசும்போதே டிரைவரிடம் ‘படுதா வேண்டாம், அறுபதுக்கு மேல போக வேண்டாம்’ என்று சொல்லிவிட வேண்டும். முதலாவதற்கு அவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார். இரண்டாவதற்கு நேரம் ஆகும் என்று கூடுதல் கேட்பார், கேட்டதைக் கொடுத்துவிடலாம். 80இலிருந்து 60க்கு இறங்கினால் காற்றின் அழுத்தம் பாதிக்குச் சற்றுமேல்தான் மிஞ்சும். போய்ச் சேர்ந்த இடத்தில் துணியோடு ஓடி வருகிறவர்களைத் தடுத்து, முதலில் தண்ணீர் குழாயை நீட்டச் சொல்லுங்கள்.